வெளிச்சத்தில் பொய் சொல்லும் சிப்

மாப்பிள்ளைகளின் பூர்வீகத்தைத் தோண்டி எடுப்பதில் செல்வராணியை மிஞ்ச ஜொகூரில் ஆள் கிடையாது. சிங்கப்பூரில் மேனேஜர் என்று சொல்லிப் பெண் பார்க்க வந்தவன், உண்மையில் மேனேஜரின் காடியைக் கழுவுகிறவன் என்பதை அரை நாளில் கண்டுபிடித்துவிடுவாள். கூலாயில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அவளுடைய துப்பறியும் நிலையத்துக்கு இத்தனை வருஷமாக இந்த ஒரு வேலைதான் சோறு போட்டது. அதனால்தான் செனாயில் சிப் வடிவமைக்கும் கம்பெனி ஒன்றின் முதலாளி அவசரமாகக் கூப்பிட்டபோது, அவளுடைய உதவியாளன் உபைத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிப்புக்கும் மாப்பிள்ள பாக்குறாங்களா அக்கா?"

நெடுஞ்சாலை முழுக்க இதையே வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டு காடியை ஓட்டினான். முப்பத்தைந்து வயதாகியும் வாயை மூடக் கற்றுக்கொள்ளாத ஆள் அவன். குடும்பத்துக்குச் சொந்தமாகச் செனாயிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. கல்லாவில் உட்கார வைத்தால் வருகிறவர்களையெல்லாம் கிண்டலடித்தே விரட்டிவிடுகிறான் என்று அவனுடைய அக்கா மீரா பீவி அவனைச் செல்வராணியின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி மதிவாணன் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். சட்டைக் கையை மடிக்காத மனிதர். அறைக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னார். அவருடைய கம்பெனி மீன் ஏற்றும் குளிர்சாதன லாரிகளுக்காக வெப்பத்தை அளக்கும் சிப் ஒன்றை வடிவமைத்திருந்தது. வாங்க வந்தவர் சிங்கப்பூர்க்காரர் ஓங். சோதனைக் கூடத்தில் அந்தச் சிப் சொன்ன சொல் தவறாமல் வேலை செய்தது. ஓங்கின் கண்முன்னால் காட்டியபோது மட்டும், நான்கு டிகிரி என்று நின்ற எண் திடீர் திடீரென்று பதினொன்றுக்குக் குதித்தது. ஓங் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று முதல் மூன்று நாளாகக் கம்பெனியே தலைகீழாகக் கிடந்தது. சிப்பின் வரைபடத்தைக் குடைந்து பார்த்ததில், உள்ளே இருந்த ரெசிஸ்டர்களின் வகை, தயாரிப்புக்கு அனுப்பிய கடைசி நாளில் மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. மாற்றியது யார் என்று பார்த்தால் லோஷினியின் பெயர் நின்றது. இந்தச் சிப்பை வடிவமைத்த இன்ஜினியரே அவள்தான். போட்டிக் கம்பெனியிடம் கை நீட்டிவிட்டாள் என்று மதிவாணன் அடித்துச் சொன்னார்.

"மூணு மணிக்கு ஓங் திரும்ப வராரு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு ராஜினாமாவுல கையெழுத்துப் போடணும். இல்லன்னா போலீஸ் ரிப்போட்டுதான். யாரு அவளுக்குக் காசு குடுத்தாங்கன்னு மட்டும் நீங்க கண்டுபிடிங்க மேடம்."

போலீஸ் வரை போனால் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ எந்தச் சிப் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிறுத்தாது. கையெழுத்துப் போட்டாலும் அதே கதிதான், கொஞ்சம் மரியாதையோடு. செல்வராணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், அந்த மனிதர் ரெசிஸ்டர் என்றால் என்னவென்று தங்களுக்கு ஒரு வரிகூட விளக்கவில்லை என்பதைக் கவனித்தாயா என்று உபைத்திடம் கேட்டாள். விளக்கினால் மட்டும் நமக்குப் புரிந்துவிடுமா என்றான் அவன்.

லோஷினி சோதனைக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். லாபிஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்து, படித்து, இங்கே வந்து சேர்ந்தவள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனால் பேச்சில் நடுக்கம் இல்லை. தான் போட்டது பாலி வகை, இப்போது இருப்பது வெல் வகை, மாற்றியது தான் இல்லை என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். எண் ஏன் குதிக்கிறது என்பதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. வகை மாறினால் வெயில் சூட்டில் கணக்குக் கொஞ்சம் பிசகும். இப்படித் துள்ளிக் குதிக்காது. அதன் பிறகு எத்தனையோ முறை சோதித்துப் பார்த்தும் ஒருமுறைகூட அது குதிக்கவில்லை.

சோதனை எங்கே நடக்கும் என்று செல்வராணி கேட்டாள். மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டி ஒன்றை லோஷினி காட்டினாள். சிப்பை உள்ளே வைத்து மூடிவிட்டுத்தான் எல்லாவற்றையும் அளப்பார்கள். ஓங்கிடம் காட்டியபோது அந்தப் பெட்டி இல்லை. விருந்தாளிகளுக்குக் காட்டும் சிப்புக்கு மட்டும் மேலே கண்ணாடி மூடி போட்டு, உள்ளே இருப்பது பளபளவென்று தெரியும்படி வைப்பது இங்கே வழக்கம். பெட்டியைத் திறந்து, நான்கு டிகிரியில் வைத்திருக்கும் சின்னக் குளிர்தட்டோடு அந்தச் சிப்பை அவர்கள் முன்னால் எடுத்து வைத்தாள். பக்கத்தில் இருந்த திரையில் நான்கு என்று எண் நின்றது.

உபைத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மாப்பிள்ளை யாரானாலும் முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக் கோப்பில் வைத்துவிடுவான். சிப்பையும் அவன் விடுவதாக இல்லை. கைப்பேசியை எடுத்துக் குனிந்து, மாப்பிள்ளை கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்று அதனிடம் சொல்லிவிட்டு அழுத்தினான். வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

திரையில் எண் பதினொன்றுக்குக் குதித்து, மறுபடியும் நான்கில் வந்து உட்கார்ந்தது.

லோஷினி மெதுவாக, இன்னொரு படம் எடுங்க அண்ணே என்றாள். எடுத்தான். குதித்தது. பக்கவாட்டில் எடுத்தான். அப்போதும் குதித்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று உபைத்துக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஓங்தான் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து கைப்பேசியில் படமாக எடுத்துத் தள்ளினாராம். பாவம், தானே அதைக் குதிக்க வைத்துவிட்டுத் தானே கோபித்துக்கொண்டும் போயிருக்கிறார்.

"அலமாக். இந்தச் சிப்புக்கு போட்டோன்னா பயமா?" என்றான் உபைத்.

"சிப்புக்கு இல்ல அண்ணே, வெல் ரெசிஸ்டருக்குத்தான்" என்றாள் லோஷினி. "எஸ்டேட்ல தண்ணிய ரெண்டு விதமா கொண்டு போவாங்க, பாத்திருப்பீங்க. தரைக்கு மேல குழாய் போடலாம், இல்ல மண்ணுலயே காண்டா வெட்டி வாய்க்காலா விடலாம். பாலி வந்து குழாய். சிலிக்கான் மேல ஒரு படலம் போட்டு, அதுக்கு மேல உக்காந்திருக்கும். வெல் வந்து மண்ணுலயே வெட்டுன காண்டா. மழ பேஞ்சா குழாய்க்கு ஒன்னும் ஆவாது. காண்டாவுக்குள்ள மட்டும் சுத்தி இருக்கிற தண்ணியெல்லாம் வந்து சேந்துரும். வெளிச்சம்தான் இங்க மழ."

அப்படியானால் காண்டாவை வெட்டுகிறவன் எதற்காக வெட்டுகிறான் என்று செல்வராணி கேட்டாள். இடம் மிச்சம் என்றாள் லோஷினி. அதே மின்தடையைக் கொடுக்கப் பாலிக்கு வேண்டிய இடத்தில் மூன்றில் ஒரு பங்கு வெல்லுக்குப் போதும். சிப் சிறுத்தால் ஒரே சிலிக்கான் தகட்டில் இன்னும் நிறைய சிப் கிடைக்கும். கறுப்பு மூடி போட்டால் வெளிச்சத்துக்குத் தப்பிக்கலாம்தான். ஆனால் வெல் சூட்டுக்கும் மாறும். வெப்பத்தை அளக்கிற சிப்புக்குள் தானே வெப்பத்துக்கு ஆடுகிற ஒன்றை வைப்பது வேலியே பயிரை மேய்கிற காரியம். அதனால்தான் அவள் இடம் போனாலும் போகட்டும் என்று பாலியைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

மாற்றப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் செல்வராணி. லோஷினி கணினியில் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். பச்சைப் பட்டைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பட்டையும் நடுவில் ஒல்லியாக இருந்து, இரண்டு முனையிலும் பருத்திருந்தது. நாய்க்குப் போடுகிற எலும்பு மாதிரி இருக்கிறதே என்றான் உபைத். தொழிலிலும் அதற்கு நாய் எலும்பு என்றுதான் பெயர், மென்பொருள் தானாக வரைந்து கொடுப்பது நேரான பட்டைதான், இதை யாரோ கையால் வரைந்திருக்கிறார்கள் என்றாள் லோஷினி.

வரிசையின் இரண்டு ஓரத்திலும் எதனோடும் சேராமல் ஒவ்வொரு பட்டை தனியாக நின்றது. அது என்ன என்று செல்வராணி விரலை வைத்தாள். சும்மா நிற்கிற பட்டை என்று பதில் வந்தது. ஓரத்தில் இருப்பவற்றுக்கு ஒரு பக்கம் துணை இல்லாததால் தயாரிப்பில் கொஞ்சம் கோணலாக வந்துவிடும். அந்தக் கோணலைத் தான் வாங்கிக்கொள்ள இரண்டு ஓரத்திலும் வேலை செய்யாத பட்டை ஒன்றை நிறுத்துவார்கள். அப்போதுதான் நடுவில் உள்ளவை ஒன்றுபோல் அமையும்.

"கல்யாணப் பந்தியில ஓரத்துல குந்தியிருக்கிற மாமா மாதிரி" என்றான் உபைத். "வேல ஒன்னும் செய்ய மாட்டாரு. எழுப்பி விட்டா வரிச கலஞ்சிரும்."

செல்வராணி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உபைத், திருட வந்தவன் வீட்டப் பெருக்கிட்டுப் போவானா?"

போகமாட்டான் என்று அவன் ஒத்துக்கொண்டான்.

"இங்க பெருக்கி, கோலமும் போட்டுட்டுப் போயிருக்கான். கெடுக்க வந்தவனுக்கு ஓரத்துப் பட்டை எதுக்கு? இது காசு வாங்குனவன் கை இல்ல. நல்லது பண்றோம்னு நெனச்சவன் கை."

உபைத் தன் மனத்தில் ஏற்கெனவே ஒருவனைப் பிடித்துக் கூண்டில் அடைத்து வைத்திருந்தான். வரைபடப் பிரிவின் தலைவன் திருச்செல்வம். லோஷினியின் பதவிக்கு ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனவன் என்று அவளே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். நடைக்கூடத்தில் எதிரே வந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். இவன்தான் என்று உபைத் அடித்துச் சொன்னான். ஆனால் லோஷினியின் கணினியை அவன் எப்படித் தொட்டான் என்ற கேள்வி இருந்தது.

அதற்குப் பதில் சொல்ல லோஷினிக்கு வெட்கமாக இருந்தது. வரைபடத்தைத் தயாரிப்புக்கு அனுப்புகிற நாளில் இந்த அலுவலகத்தில் யாரும் திரையைப் பூட்டுவதில்லை. முன்பு ஒருமுறை யாரோ பூட்டிவிட்டுப் போக, கடைசிச் சோதனை பாதியில் நின்று, அந்தச் சிப்பே விளங்காமல் போய்விட்டதாம். அன்று முதல் அது அபசகுனமாகிவிட்டது. சர்வர் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து, குங்குமம் தொட்டு, எல்லாத் திரையையும் திறந்தபடியே விட்டுவிட்டு மொத்தப் பேரும் சேர்ந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவார்கள். இன்ஜினியரிங் படித்த எட்டுப் பேரும் இதில் ஒற்றுமை. மாற்றம் நடந்ததும் அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான்.

எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது அவள் சொன்னது மீரா பீவியின் கடையை. உபைத் குதூகலமாக அக்காவுக்குப் போன் போட்டான். மாதங்கள் போயிருந்தாலும் அன்றைக்கு வந்த சிப் கம்பெனிக்காரர்களை மீரா பீவிக்கு நன்றாக நினைவிருந்தது. எட்டுப் பேரும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனார்கள். மீன் தலைக்கறி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் அதற்காகப் பக்கத்தில் இருந்தவனோடு சண்டையே போட்டான். அந்த ஒல்லிப் பையன் திருச்செல்வம். கடைசி எலும்பைச் சப்புகிற வரைக்கும் நாற்காலியை விட்டு அசையவில்லையாம்.

உபைத் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். எட்டுப் பேரும் மீன் தலை முன்னால் இருந்தால் மிச்சம் இருப்பது எலுமிச்சம்பழம்தான், அதைக் கைது பண்ணுவோமா என்றான். லோஷினியின் முகத்தில் வந்த கொஞ்ச நஞ்ச வெளிச்சமும் அணைந்துபோனது. தான் கடையில் இருந்ததற்குச் சாட்சி இருந்தாலும், மாற்றிய ஆள் கிடைக்காதவரை கணினியில் நிற்பது தன் பெயர்தானே. செல்வராணி மட்டும் ஏதோ மாப்பிள்ளையின் இரண்டாவது மனைவியைக் கண்டுபிடித்துவிட்டவள் போல நிதானமாக எழுந்தாள். கூட்ட அறையில் வெள்ளைப் பலகை இருக்கிறதா என்று கேட்டாள்.

மூன்று மணிக்கு ஓங் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மதிவாணன். அவர் முன்னால் லோஷினி கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருந்தது. திருச்செல்வமும் மற்றவர்களும் சுவரோரமாக நின்றார்கள். செல்வராணி ஓங்கிடம் ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு எல்லாரையும் பார்த்து, தான் கல்யாணக் கேஸ் பார்க்கிறவள், ரெசிஸ்டர் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது, அதனால் சிப்பில் அது எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு முறை வரைந்து காட்டினால் நன்றாக இருக்கும் என்று குழைந்தாள். மதிவாணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

திருச்செல்வம் கடனே என்று நேராக ஒரு பட்டை போட்டான். அடுத்தவளும் நேர்ப்பட்டை. அதற்கடுத்தவன் இரண்டு பட்டை, அவையும் நேராகவே. லோஷினியும் நேர்ப்பட்டைதான். செல்வராணி ஒவ்வொன்றுக்கும் வாயெல்லாம் பல்லாகப் பாராட்டினாள். மதிவாணன் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். அதைப் பார்த்துவிட்டு அவள் உபைத்தைப் பார்த்தாள். கண்ணாலேயே வந்த உத்தரவு அவனுக்குப் புரிந்தது.

"இவ்வளவுதானா அக்கா? இத எங்க கடை ரொட்டி மாஸ்டர்கூட வரஞ்சிருவாரு."

மதிவாணனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய் லோஷினியின் கையிலிருந்து பேனாவை வாங்கினார். இப்போதெல்லாம் மிஷின் வரைகிறது, இவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், தங்கள் காலத்தில் எல்லாம் கைதான் என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். ஒல்லியாக ஓர் உடல். முனையில் பருத்த தலை. அடுத்த முனையிலும் பருத்த தலை. அதைப் போலவே வரிசையாக இன்னும் சில. கடைசியில் இரண்டு ஓரத்திலும் எதனோடும் சேராமல் தனித்தனியாக ஒவ்வொன்று. ஓரடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து, தன் கைவேலையைத் தானே ரசித்தார்.

செல்வராணி தலையசைத்ததும் லோஷினி சிப்பின் வரைபடத்தைப் பக்கத்துத் திரையில் போட்டாள். பலகையில் இருந்ததும் திரையில் இருந்ததும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. பேனாவின் மூடி மதிவாணன் கையிலிருந்து கீழே விழுந்தது.

"எல்லாரும் மொதலாளிய விட்டுட்டுத்தான் ஆபீஸ்ல எட்டுப் பேருன்னு எண்ணிட்டோம்" என்றாள் செல்வராணி. "விஷயம் தெரிஞ்ச ஆளக் கூப்பிட்டா மாட்டிக்குவோம்னுதான என்னையக் கூப்பிட்டீங்க சார்?"

உபைத்துக்கு இப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. எல்லாரும் சாப்பிடப் போனபின் மனிதர் காலியான அறைக்குள் வந்திருக்கிறார். திறந்து கிடந்த திரையில் அத்தனை பெரிய பாலியைப் பார்த்ததும் கை அரித்திருக்கிறது. இருபது வருஷமாகத் தொடாத வேலை. தடை அதேதான், இடம்தான் மிச்சம், பார்த்தால் எல்லாரும் மெச்சுவார்கள் என்று நினைத்து மின்சுற்றிலும் வரைபடத்திலும் வகையை மாற்றிவிட்டார். சோதனையும் குறை சொல்லவில்லை. ஓங் எழுந்து போன பிறகு, மாற்றியது தான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. திறந்திருந்தது லோஷினியின் திரை என்பதும் வசதியாகப் போய்விட்டது.

ஓங்கும் ஒரு காலத்தில் இன்ஜினியராக இருந்தவர்தான். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேசைமேல் இருந்த ராஜினாமாத் தாளை ஒரு விரலால் ஓரமாக நகர்த்தினார். பாலியைத் திரும்பப் போட்டுச் சிப்பைக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும் என்று லோஷினியிடம் கேட்டார். மூன்று மாதம் என்றாள். அவள் பொறுப்பில் வருவதானால் காத்திருப்பதாகச் சொன்னார்.

மதிவாணன் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மடித்த கையை இறக்கிவிடக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. லோஷினியைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"வேல சுத்தமாதான இருந்துச்சு?"

உபைத்துக்கு அந்த ஆள்மேல் ஆத்திரமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. லோஷினி பலகையைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ரொம்பச் சுத்தம் சார். எனக்கு அப்படி வரைய வராது. எடத்த மிச்சம் பண்ணணும்னு நெனச்சீங்க, அது தப்பில்ல. வகை தப்பு, அவ்வளவுதான். யாருக்கும் வர்ற தப்பு. ஆனா மூணு நாளா உங்க முன்னுக்கு உக்காந்து அழுதேன். நீங்க டிஷ்யூ பொட்டிய எம்பக்கம் தள்ளிவிட்டீங்க. அத மட்டும் என்னால மன்னிக்க முடியல."

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று ஓங் கேட்டார். உபைத் வாயைத் திறந்தான். செல்வராணி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மதிவாணனைப் பார்த்தாள். அவரே சொல்லட்டும் என்றாள்.

மதிவாணன் பேனாவைப் பலகையின் விளிம்பில் வைத்தார். அவள் சொன்னதை முதலிலிருந்து ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். வேலை சுத்தம் என்று அவள் சொன்னதைச் சொன்னார், வகை தப்பு என்று சொன்னதைச் சொன்னார், அவள் மூன்று நாள் அழுததைச் சொன்னார். டிஷ்யூப் பெட்டி வந்த இடத்தில் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு அதையும் விடாமல் சொன்னார்.